இருக்கை உயரமும் குனியும் கோணமும்

யமஹா ஆர்15 மோட்டார் சைக்கிளின் மூன்றாம், நான்காம் பதிப்புகளில் இருக்கை நிலத்திலிருந்து 815 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. பஜாஜ் பல்சர் ஆர்எஸ்200 இல் அது 810 மில்லிமீற்றர். ஓட்டுபவரின் உடலோடு தொடர்புடையதாக விற்பனைத் தாளில் அச்சாகும் அளவு பெரும்பாலும் இது ஒன்றுதான். வித்தியாசம் 5 மில்லிமீற்றர். சப்பாத்தின் அடிப்பாகத் தடிப்பில் பாதிகூட இல்லை. அந்தத் தாளை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒரே மாதிரி உட்காரவைக்கும் வண்டிகள் என்றே எண்ணுவார். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை காலை நெரிசலில் இரண்டையும் ஓட்டினால் அந்த எண்ணம் நிலைக்காது. ஆர்15 இல் உள்ளங்கையும் கழுத்தும் சீக்கிரம் நோகும். ஆர்எஸ்200 இல் அந்த நோவு குறைவு. ஆனால் நெரிசலில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதற்கும் ஒழுங்கைகளில் தள்ளித் திருப்புவதற்கும் கூடுதல் பலம் வேண்டும். இந்த வித்தியாசங்களுக்குக் காரணமான அளவுகளில் முக்கியமானவை தாளில் இடம்பெறுவதில்லை.

ஓட்டுபவரின் உடல் மோட்டார் சைக்கிளை மூன்று இடங்களில் தொடுகிறது: இருக்கை, கைப்பிடி, கால்மிதி. இந்த மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். முதுகு எவ்வளவு குனியும், முழங்கால் எவ்வளவு மடியும், மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த முக்கோணத்தின் வடிவம். சாதாரணப் பயண வண்டியில் கைப்பிடி உயர்ந்தும் ஓட்டுபவரை நோக்கி வளைந்தும், கால்மிதி இருக்கைக்குச் சற்று முன்னாலும் இருக்கும். பந்தய வடிவ வண்டியில் கைப்பிடி முன்னுக்கும் கீழுக்கும், கால்மிதி பின்னுக்கும் மேலுக்கும் போகும். ஒற்றைக் குழாயாக வளையும் ஹேண்டிலுக்குப் பதிலாக, முன் சில்லைத் தாங்கும் இரு ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகப் பூட்டப்படும் இரண்டு துண்டுக் கைப்பிடிகள் இத்தகைய வண்டிகளில் வழக்கம். ஆர்15, ஆர்எஸ்200 இரண்டிலும் அவைதான் உள்ளன. ஆனால் ஆர்எஸ்200 இல் அவை உயர்ந்து நிற்கின்றன. கால்மிதியும் அவ்வளவு பின்னுக்குத் தள்ளப்படவில்லை. ஆர்15 இன் பிந்திய பதிப்புகளில் கைப்பிடி தெளிவாகவே தாழ்வு.

‘பிந்திய பதிப்புகள்’ என்பது முக்கியம். 2008 இல் இந்தியாவில் வெளிவந்த முதல் ஆர்15 இன் இருக்கை உயரம் 790 மில்லிமீற்றர். 2011 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது 800 ஆனது. 2018 இல் இந்தியச் சந்தைக்கு வந்த மூன்றாம் பதிப்பில் 815 ஆகி, 2021 இன் நான்காம் பதிப்பிலும் அப்படியே நின்றது. இருக்கை படிப்படியாக ஏற, கைப்பிடி இறங்கியது. ஒரே பெயர் ஒட்டிய வண்டிதான். முதல் பதிப்பில் ஓரளவு நிமிர்ந்து போனவர் மூன்றாம் பதிப்பில் நன்றாகவே குனிய வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கியவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கைமாறிய வண்டிகள். ஆகவே கொழும்பில் ‘ஆர்15 வசதியா?’ என்று கேட்பவர் எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லாவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

முதலில் இருக்கை உயரம். இலங்கை ஆண்களின் சராசரி உயரம் 165 முதல் 166 சென்ரிமீற்றர் வரை. பெண்களின் சராசரி 155 ஐ ஒட்டியது. நிலத்திலிருந்து கவட்டை வரையான காலின் நீளம் மொத்த உயரத்தில் ஏறத்தாழ 46, 47 வீதம். எனவே சராசரி ஆணுக்கு அது 76 முதல் 78 சென்ரிமீற்றர் வரும். சப்பாத்தின் அடி இரண்டு, மூன்று சென்ரிமீற்றரைச் சேர்க்கும். ஆள் ஏறியதும் சொக் அப்சோபர் அமிழ்ந்து இருக்கையை அதே அளவு இறக்கும். இந்தக் கணக்கின்படி 815 மில்லிமீற்றர் இருக்கையில் பாதம் முழுவதும் நிலத்தில் படிய வேண்டும். நடைமுறையில் முன்பாதம் மட்டுமே படியும். இருக்கையின் அகலம்தான் காரணம்: தொடைகள் அகன்று பிரியும்போது கால் நேர்கோட்டில் இறங்காமல் வளைந்து இறங்குகிறது. டாங்கியோடு சேருமிடத்தில் இருக்கை ஒடுங்கியிருந்தால் 815 உம் எட்டும். அகன்றிருந்தால் 800 உம் எட்டாது. ஆகவே அந்த 5 மில்லிமீற்றரை ஒப்பிட்டு வண்டி தெரிவு செய்வதில் பயனில்லை. சராசரிப் பெண்ணின் கால் நீளம் 71 முதல் 73 சென்ரிமீற்றர். இரு வண்டிகளிலும் விரல் நுனிதான் படும். நிறுத்தும்போது ஒரு பக்கம் சரிந்து ஒற்றைக் காலில் தாங்க வேண்டியிருக்கும்.

அப்போதுதான் எடை குறுக்கிடுகிறது. பெற்றோல் நிரப்பிய நிலையில் ஆர்15 ஏறத்தாழ 142 கிலோகிராம், ஆர்எஸ்200 ஏறத்தாழ 166 கிலோகிராம். வண்டியின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 10 பாகை சரிந்த ஆர்15 ஐக் கீழே சாய்க்க முயலும் திருப்புவிசை ஏறத்தாழ 120 நியூட்டன் மீற்றர். ஆர்எஸ்200 இல் அது 140. விரல் நுனியில் நிற்கும் காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆமர் வீதிச் சந்தியில் பஸ்ஸுக்கும் முச்சக்கரவண்டிக்கும் இடையில் அடி அடியாக நகரும்போது இந்தத் தாங்கல் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. உயரம் குறைந்தவருக்கு ஆர்15 இல் உள்ள உண்மையான ஆதாயம் இந்த 24 கிலோகிராம்தான்.

இனிக் கைப்பிடி. இரு வண்டிகளையும் பிரிக்கும் இடம் இது. கொழும்பு வீதிகளின் தன்மை உடலில் நேரடியாகப் பதிவதும் இங்கேதான்.

மனித உடலின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இடுப்புக்கு மேலே, அதாவது தலை, கைகள், உடற்பகுதி ஆகியவற்றில் இருக்கிறது. 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு அது 44 கிலோகிராம் அளவில் வரும். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தால் இந்த எடை முதுகெலும்பு வழியாக இருக்கையில் இறங்கிவிடும். கைகள் ஹேண்டிலைத் தொட்டிருந்தால் போதும். குனியும்போது இடுப்பு ஒரு கீல் ஆகிறது. மேலுடலின் ஈர்ப்பு மையம் அந்தக் கீலுக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மேலே இருப்பதால், குனிந்த கோணத்துக்கு ஏற்ப உடலை முன்னே விழுத்தும் திருப்புவிசை எழுகிறது. 15 பாகைக் குனிவில் அது 33 நியூட்டன் மீற்றர் அளவு. 30 பாகையில் 65. 40 பாகையில் 80 ஐத் தாண்டும். இதை இரண்டில் ஒன்று தாங்க வேண்டும்: முதுகும் வயிறும் சேர்ந்த தசைகள், அல்லது கைகள். தசைகள் சோர்ந்து முழுவதையும் கைகளிடம் விட்டுவிட்டால், 15 பாகையில் ஒவ்வொரு உள்ளங்கையிலும் மூன்றரைக் கிலோகிராம், 30 பாகையில் ஏறத்தாழ 7 கிலோகிராம், 40 பாகையில் ஏறத்தாழ 9 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் விழும். கைகளின் சாய்வைப் பொறுத்து இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் கைப்பிடி இறங்க இறங்கச் சுமை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை இந்த எளிய கணக்கே காட்டிவிடுகிறது.

பந்தய ஓட்டுநர்களும் இதே கோணத்தில், இதைவிடத் தாழ்ந்தும் குனிகிறார்கள். அவர்களுக்கு உதவிக்குக் காற்று இருக்கிறது. கட்டுக்குருந்தப் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் ஒருவரின் மார்பு, தோள் பகுதியில் கண்ணாடிக்கு மேலே 0.2 சதுர மீற்றர் காற்றுக்குத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரப்பைக் காற்று ஏறத்தாழ 90 நியூட்டன் விசையோடு, அதாவது 9 கிலோகிராம் எடையளவு, பின்னோக்கித் தள்ளும். 30 பாகைக் குனிவில் இரு கைகளும் சுமக்க வேண்டிய 14 கிலோகிராமில் பெரும்பகுதியைக் காற்று எடுத்துக்கொள்கிறது. ஓட்டுநர் காற்றின் மீது சாய்ந்துகொள்கிறார் என்றே சொல்லலாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் விசை இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் மணிக்கு 20 கிலோமீற்றரில் ஊரும்போது அந்தத் தாங்கல் 400 கிராமைக்கூட எட்டாது. மீதி முழுவதும் ஓட்டுபவரின் முதுகிலும் கைகளிலும்தான்.

இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மற்ற வீதிகளில் நகருக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. அந்த வேகத்தில் காற்றின் உதவி மேலே சொன்னதில் பாதியை விடக் குறைவு. தாழ்ந்த கைப்பிடி எந்த வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த வேகத்தில் போகச் சட்டப்படி இந்நாட்டில் ஒரு பொது வீதியும் இல்லை. ஆர்15 இன் கைப்பிடி பற்றிய எந்த மதிப்பீடும் இந்த உண்மையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வண்டியின் வடிவமைப்பில் குறை இல்லை. வளைவில் முன்சில்லின் மீது உடலெடையைக் கொண்டுவந்து, டயரின் பிடிப்பை ஓட்டுபவருக்கு உணர்த்துவதில் அது அருமையாக வேலை செய்கிறது. கொழும்பில் நாளும் ஓடும் பத்துக் கிலோமீற்றரில் அப்படிப்பட்ட வளைவு ஒன்றுகூட வருவதில்லை என்பதே சிக்கல்.

பிரேக் பிடிப்பது சுமையை இன்னும் கூட்டுகிறது. புவியீர்ப்பின் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு மிதமாக வேகம் குறைத்தால், 30 பாகை குனிந்தவரின் கைகளில் மேலும் 7 கிலோகிராம் அளவு வந்து சேரும். டாங்கியை முழங்கால்களால் இறுக்கிப் பிடிப்பவர் இதில் பெரும்பகுதியைத் தொடைகளுக்கு மாற்றிவிடலாம். டாங்கியின் பக்கக் குழிவு அதற்காகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது. இதைப் பழகாமலே பல வருடம் ஓட்டுபவர்கள் உண்டு. அவர்களின் மணிக்கட்டு நோவுக்கு வண்டியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மணிக்கட்டுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. துண்டுக் கைப்பிடிகள் வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், கை சுண்டுவிரல் பக்கம் வளைகிறது. அந்த வளைவோடு உள்ளங்கையில் அழுத்தமும் சேரும்போது, மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்புக்கான இடம் குறுகி விரல்கள் விறைக்கத் தொடங்குகின்றன. இரண்டுமே ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒவ்வொரு செக்கனிலும் 100 தடவை அதிர்வு கைப்பிடிக்கு வரும். தளர்வாகப் பிடித்த கைக்கு இது பெரிதல்ல. எடை தாங்கி இறுகிய கைக்கு இந்த அதிர்வு முழுமையாகக் கடத்தப்படுகிறது. கிளச் பிடிப்பதில் மூன்றாம் பதிப்பு முதல் ஆர்15 கைக்கு இதமானது: அதன் உதவிக் கிளச் பொறிமுறை நெம்பை இழுக்கத் தேவையான பலத்தைக் குறைக்கிறது. சந்திக்குச் சந்தி கிளச் பிடிக்க வேண்டிய நகரத்தில் இது சிறிய விடயமல்ல.

கழுத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. உடல் 30 பாகை முன்சாய்ந்தாலும் பார்வை வீதிக்கு நேராக இருக்க வேண்டும். ஆகவே கழுத்து கிட்டத்தட்ட அதே அளவு பின்னுக்கு மடிய வேண்டும். ஒன்றரைக் கிலோகிராம் அளவான தலைக்கவசம் அதன் மேல் இருக்கிறது. பின்கழுத்துத் தசைகள் தளராமல் இறுகியே நிற்கும் நிலை இது. வலி வந்ததும் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பதும் குறைகிறது. பஸ்கள் திடீரென ஓரம் கட்டும் காலி வீதியில் அது வசதிக் குறைவு என்ற நிலையைத் தாண்டி ஆபத்தாகிறது.

கால்மிதி விடயத்தில் நிலைமை தலைகீழ். பின்னுக்கும் மேலுக்கும் ஏறிய மிதி உயரமானவரின் முழங்காலைத்தான் கூர்மையாக மடிக்கும். 165 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு ஆர்15 இன் கால்மிதி பெரிய தொல்லை தருவதில்லை. 180 ஐத் தாண்டியவருக்கு அரை மணி நேரத்தில் முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே உயரமானவருக்கு நீண்ட கை இருப்பதால் கைப்பிடி எளிதில் எட்டும்; குனிவு குறையும். குட்டையானவர் கைப்பிடியை எட்டவே கூடுதலாகக் குனிய நேரும். ஒரே வண்டி ஒருவருக்கு முழங்காலையும் இன்னொருவருக்கு மணிக்கட்டையும் நோகச் செய்வது இப்படித்தான். நண்பர் ஓட்டிப் பார்த்து ‘நல்ல வண்டி’ என்று சொன்னதை நம்பி வாங்குவதில் உள்ள பிழையும் இதுவே.

வெப்பத்தில் இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை. இரண்டும் நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின்கள். நின்று நின்று போகும்போது ரேடியேட்டர் விசிறி சுழன்று சூடான காற்றைக் கால்களின் பக்கம் தள்ளும். பகலில் 30 பாகை செல்சியசை ஒட்டிய, ஈரப்பதம் மிகுந்த கொழும்பில் அது வியர்வையாகி, உள்ளங்கையின் பிடியையும் வழுக்கச் செய்கிறது.

ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் வண்டியைத் திருப்பும்போது இன்னோர் அளவு வெளிப்படுகிறது. இரு சில்லு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஆர்15 இல் 1325 மில்லிமீற்றர், ஆர்எஸ்200 இல் ஏறத்தாழ 1345. இந்த 20 மில்லிமீற்றர் திரும்பும் வட்டத்தை ஒன்றரை வீதம்தான் மாற்றும். கைப்பிடி எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பது அதைவிடப் பல மடங்கு முக்கியம். முன்சில் 40 பாகை திரும்பக்கூடிய வண்டிக்கு ஒன்றரை மீற்றரைச் சற்றுத் தாண்டிய ஆரை போதுமென்றால், 30 பாகையில் நின்றுவிடும் வண்டிக்கு இரண்டேகால் மீற்றருக்கு மேல் வேண்டும். தாழ்ந்த துண்டுக் கைப்பிடி டாங்கியிலும் முன்மூடியிலும் முட்டாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே பந்தய வடிவ வண்டிகளில் திரும்பும் கோணம் குறைக்கப்படுகிறது. ஒரே முயற்சியில் திரும்ப முடியாத ஒழுங்கையில் இறங்கித் தள்ள வேண்டும். அப்போது மீண்டும் அந்த 24 கிலோகிராம் கணக்கில் வருகிறது.

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் பல குடும்பத்தின் ஒரே வாகனம். பின்னால் மனைவியோ பிள்ளையோ அமர்வது வழமை. இந்த இரு வண்டிகளும் அந்தத் தேவைக்காக உருவானவை அல்ல. ஆர்எஸ்200 இலும் ஆர்15 இன் பிந்திய பதிப்புகளிலும் பின்னிருக்கை தனியாகப் பிரிக்கப்பட்டு, சிறிதாகவும் உயரமாகவும் இருக்கிறது. அதில் அமர்பவரின் ஈர்ப்பு மையம் உயர்வதால் நின்ற நிலையில் வண்டியைத் தாங்குவது கடினமாகும். பிரேக் பிடிக்கும்போது அவர் முன்னே சரிந்து ஓட்டுபவரின் முதுகில் சாய்வார். 55 கிலோகிராம் ஆளின் எடையில் மிதமான பிரேக்குக்கு 16 கிலோகிராம் அளவு விசை எழும். அதில் ஒரு பங்கு ஏற்கனவே சுமையேறிய அதே கைகளுக்குத்தான் வந்து சேரும். சேலை உடுத்தி ஒரு பக்கமாக அமர்வதற்கு அந்த இருக்கை அறவே பொருந்தாது. தினமும் இருவர் போக வேண்டிய வீட்டுக்கு இரண்டையும் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

தனியாக, வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் நாளும் போய்வரும் சராசரி உயரமுள்ளவருக்கு ஆர்எஸ்200 இன் கைப்பிடி நல்லது. வண்டியை அடிக்கடி தள்ளவும் ஒற்றைக் காலில் தாங்கவும் வேண்டிய மெலிந்தவருக்கு ஆர்15 இன் எடை நல்லது. முதல் பதிப்பு கிடைத்தால் இரண்டு நன்மையும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கும், வண்டி பழையதாகிவிட்டது என்பதை ஏற்றுக்கொண்டால்.

வாங்கிய பிறகு மாற்றக்கூடியவையும் உள்ளன. குஷன் வேலை செய்யும் கடைகளில் இருக்கையின் நுரையை 20 மில்லிமீற்றர் செதுக்கலாம். கால் எட்டுவதோடு, இருக்கை இறங்குவதால் கைப்பிடி ஒப்பளவில் உயர்ந்து குனிவும் சற்றுக் குறையும். ஆனால் முழங்கால் கூடுதலாக மடியும். நுரை மெலிந்தால் இருக்கை எலும்பில் அழுத்தும். உயரத்தைக் குறைக்காமல் இருக்கையின் முன்புற ஓரங்களை மட்டும் ஒடுக்குவது பல சமயம் சிறந்த வழி. பஞ்சிகாவத்தையில் வாங்கும் துண்டுகளைக் கொண்டு கைப்பிடியை உயர்த்துபவர்கள், பிரேக் குழாயும் கிளச் கேபிளும் இருபக்கமும் முழுவதாகத் திரும்பும்போது இழுபடாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். ஃபோர்க் குழாய்களை மேலே தள்ளி வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்துவது தவிர்க்க வேண்டியது. அது முன்சில்லின் சாய்வை மாற்றி, வண்டி நேராக ஓடும் உறுதியைக் குறைக்கிறது.

பணம் செலவாகாத திருத்தம் நெம்புகளில் இருக்கிறது. ஓட்டும் நிலையில் அமர்ந்து விரல்களை நீட்டும்போது, முன்கையும் விரலும் ஒரே நேர்கோட்டில் வருமாறு பிரேக், கிளச் நெம்புகளைக் கீழே திருப்பிப் பூட்டினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடியாது. கியர் நெம்பையும் பின்பிரேக் பெடலையும் சப்பாத்தின் உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யலாம். வாங்குமுன் செய்யக்கூடிய சோதனையும் எளியது: வண்டியை ஸ்டான்டில் நிறுத்தி, ஓட்டும் நிலையில் குனிந்து, முழங்கால்களால் டாங்கியைப் பிடித்தபடி இரு கைகளையும் கைப்பிடியிலிருந்து எடுக்க வேண்டும். உடல் முன்னே விழாமல் பத்து, பதினைந்து செக்கன் நிற்க முடிந்தால் அந்தக் குனிவு அந்த உடலுக்குத் தாங்கும். முடியாவிட்டால், விற்பனைத் தாளில் இருக்கை உயரம் என்னவாக இருந்தாலும், காலி வீதி நெரிசலில் அந்தச் சுமை முழுவதும் உள்ளங்கைக்கே போகும்.